சொல் சேர்த்தவர்கள்

காஞ்சிபுரத்தில் நம்மிடம் சிறு வயதில் ஓதிய ஒருவர், பட்டுக்குச் சாயம் ஏற்றும் தொழிலில் இருப்பவர், சென்ற ஆண்டு ஒரு நாள் அஸருக்குப் பின் தம் மகளையும் அழைத்துக்கொண்டு நம் இல்லம் வந்தார். மகள் செவிலியர் படிப்பை முடித்தவர். ஜெர்மனி நாட்டு மருத்துவமனைகளில் நம் நாட்டுச் செவிலியர்க்கு வேலை கிடைக்கிறது என்பதும், அதற்கு அந்நாட்டு மொழியில் தேர்வெழுதித் தேற வேண்டும் என்பதும் வாசகர்கள் அறிந்தவையே. அந்தப் பெண் ஒரு முறை எழுதித் தவறிவிட்டார். மறு தேர்வுக்கு நான்கு மாதங்கள் இருந்தன. பயிற்சிக் கட்டணத்திற்காகத் தாயின் வளையல்கள் அடகில் இருந்தன.

கையில் மூன்று கனத்த நோட்டுப் புத்தகங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் இடப்புறம் ஜெர்மன் சொல், வலப்புறம் ஆங்கிலச் சொல். ஒவ்வொன்றுக்கும் வரிசை எண்ணும் இட்டிருந்தார். கடைசி எண் 3,000ஐத் தாண்டியிருந்தது. “இரவு படிப்பது காலையில் நிற்பதில்லை, ஹஜ்ரத்” என்றார் அந்தப் பெண். குரல் தழுதழுத்தது. தந்தையோ, “எங்களுக்கெல்லாம் அரபியை எப்படியோ ஏற்றி வைத்தீர்கள். இதற்கும் ஒரு வழி சொல்லுங்கள் ஹஜ்ரத்” என்றார். அவருக்கு அரபி எவ்வளவு ஏறியது என்பது அவருக்கும் நமக்கும் தெரியும். அது இருக்கட்டும்.

நமக்கு ஜெர்மன் மொழி தெரியாது. ஆனால் ஜெர்மானியர் ஒருவர் நம் தமிழை எவ்வாறு கற்றார் என்ற வரலாறு தெரியும். அன்று அதைத்தான் சொன்னோம். சொல்லி முடித்த பிறகு, நம் மதரஸாக்களையும் நம் முன்னோர் கற்ற முறையையும் பற்றிய எண்ணங்கள் பல எழுந்தன. அவற்றையும் சேர்த்தே இங்கு எழுதுகிறோம்.

1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடிக் கடற்கரையில் இரண்டு பாதிரிமார் வந்திறங்கினர். தரங்கம்பாடி அன்று டேனிஷ்காரர்களின் வாணிபத் துறைமுகம். அனுப்பியவர் டென்மார்க்கின் அரசர் நான்காம் பிரடெரிக். வந்த இருவரும் ஜெர்மானியர்கள். அவர்களில் ஒருவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. சாக்சனி நாட்டுப் புல்ஸ்நிட்ஸ் என்னும் சிற்றூரில் 1682இல் பிறந்து, ஹாலே நகரில் பயின்றவர். மற்றவர் ஹென்ரிக் புளூட்சோ. தம் சமயத்தைப் பரப்புவதே அவர்கள் வந்த நோக்கம். அது நமக்கு உடன்பாடானதன்று. எனினும் ஒரு மனிதர் ஒரு மொழிக்காகச் செலுத்திய உழைப்பை உழைப்பென்று சொல்வதில் நமக்குத் தயக்கமில்லை.

வந்தவர்களுக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. கடற்கரை ஊர்களில் அன்று பல நாட்டாருக்கும் பொதுவாக வழங்கிய போர்த்துக்கேய மொழியை முதலில் ஓரளவு பழகிக்கொண்டார்கள். பிறகு முதிய தமிழாசிரியர் ஒருவரை வேண்டி, அவருடைய பள்ளிக்கூடத்தையே தம் வீட்டுக்கு வரவழைத்துக்கொண்டார்கள். சிறுவர்கள் தரையில் மணல் பரப்பி விரலால் அகரம் எழுதினார்கள். ஐரோப்பியப் பல்கலைக்கழகம் கண்ட இந்த இருவரும் அந்தச் சிறுவர்களோடு சம்மணமிட்டு அமர்ந்து, அதே மணலில் அதே எழுத்துக்களை எழுதினார்கள்.

எழுத்து வந்தது. பொருள் வரவில்லை. ஆசிரியருக்குப் போர்த்துக்கேயம் தெரியாது. மாணவர்களுக்கோ தமிழ் தெரியாது. ஆகவே ஏட்டைச் சரளமாக வாசித்தார்கள், என்ன வாசிக்கிறோம் என்று அறியாமலே. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு நம் மக்தபுகள் நினைவுக்கு வருவதுண்டு. அலிஃப், பா கற்று, ஜேர், ஜபர் கூட்டி, முப்பது ஜுஸ்உக்களையும் ஓதி முடிக்கும் நம் குழந்தை, ஒரு வரிக்குப் பொருள் கேட்டால் விழிக்கிறது. ஓதுவதற்கு நன்மை உண்டு, அதில் ஐயமில்லை. ஆனால் ஓதக் கற்பது ஒன்று, மொழி கற்பது வேறொன்று. முதலாவது முடிந்தால் இரண்டாவதும் முடிந்ததாக நாம் எண்ணிக்கொள்கிறோம். சீகன்பால்கு அவ்வாறு எண்ணவில்லை. டேனிஷ், ஜெர்மன், போர்த்துக்கேயம் ஆகியன தெரிந்த அழகப்பன் என்னும் துபாஷியைத் தேடிப் பிடித்து, சம்பளம் கொடுத்து அமர்த்திக்கொண்டார். அழகப்பனோடு பேசிப் பேசி வழக்குத் தமிழைப் பிடித்தார். வந்து ஓராண்டு நிறைவதற்குள் அவரால் தமிழில் பேச முடிந்தது.

அவர் சொல் சேர்த்த முறையே நாம் இங்கு முதன்மையாகச் சொல்ல விரும்புவது. 1709இல் எழுதிய கடிதமொன்றில் தம் அன்றாட நியமத்தை அவரே விவரித்திருக்கிறார். காலை ஏழு மணியிலிருந்து எட்டு மணி வரை, முன்பே கற்று எழுதி வைத்த சொற்களையும் சொற்றொடர்களையும் திரும்பப் படிப்பார். அந்த ஒரு மணி நேரத்தில் புதிய சொல்லுக்கு இடமில்லை. எட்டு முதல் நண்பகல் வரை, அதுவரை படித்திராத தமிழ் ஏடுகளை மட்டுமே வாசிப்பார். அருகில் முதிய புலவர் ஒருவர் அமர்ந்து கதையையும் கருத்தையும் விளக்குவார். எழுத்தர் ஒருவர், அறியாத சொல் வரும்போதெல்லாம் அதைக் குறித்துக்கொள்வார். பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரை மீண்டும் ஏடு. இரவு ஏழு முதல் எட்டு வரையிலும் ஏடுதான். ஆனால் கண் வலியால் விளக்கொளியில் அவரால் வாசிக்க இயலாது. ஆகையால் ஒருவர் வாசிக்க அவர் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த இரவு நேரத்திற்கென்று அவர் தெரிந்தெடுத்தவை, தாம் எவ்வாறு பேசவும் எழுதவும் விரும்பினாரோ அவ்வாறு எழுதப்பட்ட நூல்கள். அவற்றில் சிலவற்றை நூறு முறை வாசிக்கக் கேட்டதாகவும், அவற்றில் தாம் அறியாத சொல்லோ தம்மால் எடுத்தாள முடியாத தொடரோ இல்லை என்றும் அவர் எழுதுகிறார்.

நூறு முறை என்பதைக் கேட்டதும் அந்தப் பெண் தந்தையைப் பார்த்தார். அவருடைய நோட்டில் ஒவ்வொரு சொல்லும் ஒரே முறைதான் வந்திருந்தது.

ஏடுகளை அவர் ஊர் ஊராக ஆளனுப்பி விலைக்கு வாங்கினார். மறைந்துபோன கற்றோரின் மனைவியரிடமிருந்தும் வாங்கினார். 1708இல், தாம் சேர்த்த தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியல் எழுதினார். அதில் தமிழ்ச் சமய, இலக்கிய நூல்களே 119 இருந்தன. தமிழ் முஸ்லிம்களின் நூல்களுக்கென்று அதில் ஒரு தனிப் பிரிவும் உண்டு என்பதை நம் வாசகர்கள் மறவாமல் குறித்துக்கொள்ள வேண்டும். சீறாப்புராணம் தோன்றிச் சில ஆண்டுகளே கழிந்திருந்த காலம் அது. சோழ மண்டலக் கரையில் நம் முன்னோர் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு ஹாலே நகரத்துக்குச் சென்ற அந்தப் பட்டியலும் ஒரு சாட்சி.

இவ்வாறு படித்த நூல்களிலிருந்து திரண்டதே அவருடைய அகராதி. முதலில் தமிழெழுத்தில் சொல், பிறகு உச்சரிப்பு, பிறகு ஜெர்மன் பொருள் என்று பத்தி பத்தியாக ஓலையிலும் தாளிலும் வளர்ந்தது. இரண்டாண்டில் 20,000 சொற்கள் என்றும், 1712 அளவில் 40,000 என்றும் அவருடைய கணக்கு. செய்யுளில் மட்டும் வழங்கும் சொற்களுக்கென்று 17,000 அளவில் தனி அகராதியொன்றும் புலவர்களை வீட்டில் வைத்துக்கொண்டு தொகுத்தார்.

40,000 என்ற எண் நம்மை மலைக்க வைக்கக்கூடும். நாம் அதைவிட வியப்பது வேறொன்றை. அந்த 40,000இல் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி இருந்தது. இந்தச் சொல் இன்ன ஏட்டில், இன்ன கதையில், இன்ன புலவரின் வாயிலிருந்து கேட்டது என்று அவருக்கு நினைவிருக்கும். நம் பெண்ணின் 3,000 சொற்களுக்கோ முகவரி இல்லை. யாரோ அச்சிட்ட பட்டியலிலிருந்து பெயர்த்தெழுதியவை அவை. ஊர் பெயர் தெரியாத விருந்தாளியை வீட்டில் எத்தனை நாள் வைத்திருக்க முடியும்?

அவருடைய தமிழ் இலக்கணம் இலத்தீன் மொழியில் 1716இல் ஹாலேயில் அச்சாயிற்று. 1719இல், தம் 36ஆம் வயதில், தரங்கம்பாடியிலேயே மறைந்தார். அகராதி மட்டும் அச்சேறவில்லை. பின்வந்தவர்கள் அதைக் கைப்படியாகவே எடுத்தாண்டார்கள். சென்னை வேப்பேரியிலிருந்த பப்ரிசியுஸ், முதுமையில் கடன் தொல்லையால் சிறையும் கண்டவர், 1779இல் அச்சிட்ட தமிழ் ஆங்கில அகராதியில் சுமார் 9,000 சொற்களே இருந்தன.

இனி, சீகன்பால்குவின் அருகில் அமர்ந்திருந்த அந்தப் புலவரைப் பார்ப்போம். அவர் பெயர் வரலாற்றில் பெரிதாக நிற்கவில்லை. ஆனால் கேட்ட மாத்திரத்தில் ஒரு சொல்லுக்கு ஆறு பொருளும், ஒரு பொருளுக்குப் பத்துச் சொல்லும் சொல்லும் ஆற்றல் அவருக்கு எங்கிருந்து வந்தது? நிகண்டிலிருந்து வந்தது. அக்காலத்தில் நிகண்டு ஓதாமல் எவரும் புலவரானதில்லை. திண்ணைப் பள்ளியில் விரல் மணலை விட்டு எழுந்ததும் நாக்கு நிகண்டில் ஏறும்.

தமிழில் நமக்குக் கிடைத்துள்ள நிகண்டுகளில் பழமையானது திவாகரம். அது பன்னிரண்டு பிரிவுகள் கொண்டது. தெய்வப் பெயர்களில் தொடங்கி, மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர் என்று நடந்து, பண்பு, செயல், ஒலி ஆகியவற்றைக் கடந்து, ஒரு சொல்லுக்குப் பல பொருள் தரும் பகுதியைப் பதினோராவதாக வைக்கிறது. மரத்தைப் பற்றிய சொற்களெல்லாம் ஒரே தோப்பில் நிற்கும். கற்பவன் அந்தத் தோப்பில் நடந்து திரும்பினால் போதும். பின்வந்த சூடாமணி நிகண்டு இதே பன்னிரண்டு பிரிவை விருத்தப் பாவில் அமைத்தது. பாடல் ஓசையோடு செல்வதால் சிறுவர்க்கு நெட்டுருச் செய்ய எளிது. ஆகவே தமிழகத்துத் திண்ணைகளில் பல தலைமுறை அதுவே ஆட்சி செய்தது. அதனை இயற்றிய மண்டல புருடர் சமண சமயத்தவர். நம் காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றமும் சினகாஞ்சி என்று பெயர் பெற்ற சமணர் ஊர்தான். சமணர் பாடிய நிகண்டை எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் ஓதினார்கள். எவரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை.

நிகண்டை உடைத்து அகர வரிசையாக்கியவர் வீரமாமுனிவர் என்று நாம் வழங்கும் இத்தாலியர் பெஸ்கி. பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பகுதிகளோடு அவருடைய சதுரகராதி 1732இல் உருவாயிற்று. தேடுகிறவனுக்கு அது பேருதவி. ஆனால் தேடுகிறவன் வேறு, கற்கிறவன் வேறு. அகர வரிசையில் ‘மருந்து’க்கும் ‘மருமகன்’க்கும் பக்கத்து வீடு. சொந்தம் ஒன்றுமில்லை. அகராதி வந்தபின் நிகண்டு தேவையில்லை என்று நாம் எண்ணியது பிழை என்பதே நம் கருத்து. அரபியிலும் இவ்விரண்டும் இருந்தன. கலீல் இப்னு அஹ்மது அவர்கள் எட்டாம் நூற்றாண்டில் தொகுத்த ‘கிதாபுல் ஐன்’, தொண்டையின் அடியிலிருந்து பிறக்கும் எழுத்தில் தொடங்கி உதடு வரை வரும் வரிசை. ஸ்பெயினில் 1066இல் மறைந்த இப்னு ஸீதா அவர்களோ, ‘அல்முகஸ்ஸஸ்’ என்னும் நூலில் நம் திவாகரத்தைப் போலவே பொருள்வாரியாகச் சொற்களை அடுக்கினார். அவர் கண் பார்வையற்றவர். கேட்டுக் கேட்டே அத்தனையும் நெஞ்சில் வைத்திருந்தார்.

சிறுவர்க்கான நிகண்டு நம் மதரஸாக்களிலும் வழங்கியதுண்டு. அபூ நஸ்ர் பராஹி என்பார் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இயற்றிய ‘நிஸாபுஸ் ஸிப்யான்’. அரபிச் சொல்லும் அதன் பாரசீகப் பொருளும் ஒரே அடியில் சந்தத்தோடு அமைந்த நூல். இதன் பெயரில் ஓர் அழகு உண்டு. வெள்ளிக்கு ஜகாத் கடமையாகும் நிஸாப் 200 திர்ஹம் அல்லவா? நூலின் ஈரடிப் பாக்களும் முதலில் 200ஆகவே இருந்தன. பிள்ளைகளின் நிஸாப் இது, இவ்வளவு சேர்ந்துவிட்டால் நீயும் செல்வன் என்று ஆசிரியர் சொல்லாமற் சொல்கிறார். நம் உஸ்தாதின் உஸ்தாது இதனை முழுதும் பாடுவார்களாம். நம் காலத்தில் பாரசீகம் குறைந்து, அது பாடத்திலிருந்து மறைந்துவிட்டது.

நாம் கற்ற கதையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். நாம் ஏழாண்டு ஓதினோம். மகாமாத்துல் ஹரீரியின் அரிய சொற்களை நெட்டுருச் செய்தோம். சிங்கத்துக்கு எத்தனை பெயர், ஒட்டகத்துக்கு எத்தனை பெயர் என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வோம். இறுதியாண்டில் மதரஸாவுக்கு அரபு நாட்டு விருந்தினர் ஒருவர் வந்தார். உணவு பரிமாறும் பொறுப்பு நமக்கு. அவர் எதையோ கேட்டார். நமக்குப் புரியவில்லை. மீண்டும் கேட்டார். தண்ணீர் கொண்டுவந்தோம், பிறகு உப்பு கொண்டுவந்தோம். கடைசியில் அவர் சிரித்துக்கொண்டே கையால் அள்ளிக் குடிப்பதுபோல் சைகை செய்தார். ‘மில்அகா’. கரண்டி. அந்தச் சொல் ஹரீரியில் நமக்கு எதிர்ப்பட்டதில்லை, எந்த வகுப்பிலும் யாரும் சொன்னதில்லை. அன்று பட்ட வெட்கம் இன்னும் ஆறவில்லை. நாம் ஓதிய ஹரீரியைக் குறை சொல்ல மாட்டோம். புலவரை மட்டும் வைத்துக்கொண்டு அழகப்பனை அமர்த்தாமல் விட்டதுதான் குறை.

இதற்கு நேர்மாறான ஒரு கல்வியும் நம் வீடுகளில் நடந்து வந்திருக்கிறது. அதை நாம் கல்வியென்று எண்ணுவதேயில்லை. அந்தப் பெண்ணிடம், “உன் பாட்டிக்கு அரபி தெரியுமா?” என்று கேட்டோம். “தெரியாது, ஹஜ்ரத். எழுதப் படிக்கவே தெரியாது” என்றார். “அவர் வாயில் வழங்கும் அரபிச் சொற்களை எழுது” என்றோம். ஒளு, நிய்யத், ஸலாம், துஆ, பரக்கத், நஸீபு, முஸீபத், ஜனாஸா, கபுர், மஹர், நிகாஹ், ஹக்கு, ஹலால், ஹராம், சதகா, மவுத், ரூஹு, சபுரு என்று தந்தையும் மகளும் போட்டியிட்டுச் சொன்னார்கள். மக்ரிபு பாங்கு வருவதற்குள் நூற்றுக்கு மேல் ஆகிவிட்டது. பாட்டி எந்தப் பட்டியலையும் படித்ததில்லை. ஒவ்வொரு சொல்லையும் ஒரு செயலோடும் ஒரு நாளோடும் ஒரு மனிதரோடும் சேர்த்தே பெற்றார். ஆகவே அது போகவில்லை. “ஒளு எடுத்தல்”, “நிய்யத் வைத்தல்” என்று தமிழ் வினையோடு அரபிப் பெயரை முடிச்சிட்டுத் தந்தது நம் அரபுத் தமிழ். தமிழ் ஒலிகளுக்கென்று புள்ளிகள் கூட்டிய அரபி எழுத்தில், கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) போன்றோர் எழுதிய நூல்கள் இந்த முடிச்சைப் பெண்கள் வரை கொண்டு சேர்த்தன. அந்த எழுத்தைப் படிப்பவர் இன்று அருகிவிட்டனர். முடிச்சு மட்டும் இன்னும் அவிழவில்லை. முஸ்லிம்கள் மட்டுமல்லர், அசல், பாக்கி, வசூல், ரத்து, கைதி, மாஜி என்று சொல்லும் தமிழர் அனைவரும் அறியாமலே அரபி பேசுகிறவர்கள்தாம். ஆற்காட்டு நவாபின் ஆட்சியில் இருந்த நம் காஞ்சிப் பகுதியில் இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

நெசவூர்க்காரர்களுக்கு இதைக் காட்டுவதும் எளிது. தறியில் ஒரு பாவு முடிந்ததும் பழைய பாவின் முனையில் புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்கிறார்கள். பழைய முனையை அறுத்தெறிந்துவிட்டால் அத்தனை இழையையும் விழுதிலும் அச்சிலும் முதலிலிருந்து கோக்க வேண்டியதுதான். அந்தப் பெண்ணின் நோட்டில் பழைய முனை இல்லை. தாய்மொழி தமிழ். ஓதியது அரபி. கற்பது ஜெர்மன். நோட்டிலோ ஆங்கிலம். ஏற்கெனவே தளர்ந்திருந்த ஓர் இழையில் புதிய இழையைக் கட்டியிருந்தார்.

மறதியைப் பற்றி ஜெர்மானியரே ஆராய்ந்திருக்கிறார்கள். ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்பவர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எத்தனை நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் நூலாக வெளியிட்டார். கற்ற முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. பிறகு மறதி மெதுவாகிறது. ஒரே அமர்வில் பல முறை உருப்போடுவதைவிட நாள் விட்டு நாள் திருப்புவது நிலைக்கிறது. 1972இல் செபாஸ்தியன் லைட்னர் என்பவர் இதற்கு ஒரு பெட்டி செய்தார். சொல்லட்டைகளை அறைகளாகப் பிரித்து, தெரிந்த அட்டையை அடுத்த அறைக்கும், தெரியாததை மீண்டும் முதல் அறைக்கும் அனுப்புவது. கடைசி அறையைப் பல நாளைக்கு ஒரு முறை திறந்தால் போதும். இன்று கைபேசியில் வரும் பல மொழிப் பயிற்சிகளுக்கு இதுவே அடிப்படை.

இதைப் படித்தபோது நமக்குச் சிரிப்பு வந்தது. நம் ஹிப்ழு மதரஸாவில் பத்து வயதுப் பையன் நாள்தோறும் செய்வது வேறென்ன? அன்றைய புதிய பாடம் சபக். அண்மையில் ஓதியது சபக் பாரா. முன்பே முடித்தது ஆமூக்தா. மூன்றையும் ஒப்புவிக்க வேண்டும். ஆமூக்தா தடுமாறினால் அன்று புதிய சபக் கிடையாது. சீகன்பால்குவின் காலை ஏழு மணியும் இதுதான். அந்தப் பெண்ணின் சொந்த அண்ணன் ஹாபிழ். ஒரே வீட்டில் ஒருவர் இந்த முறையால் முழுக் குர்ஆனையும் நெஞ்சில் வைத்திருக்க, மற்றவர் 3,000 சொல்லை வைத்துக்கொள்ள வழி தெரியாமல் அழுதார். இரண்டும் ஒரே நெஞ்சின் வேலை என்று நாம் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

சொல் சேர்ப்போரைப் பற்றி எழுதும்போது ஒருவரைக் குறிப்பிடாமல் போக மனமில்லை. அரபி கற்போர் உலகெங்கும் புரட்டும் ஹான்ஸ் வேர் என்பாரின் அகராதி 1952இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. இக்கால அரபி நூல்களையும் இதழ்களையும் படித்து, வாக்கியத்தோடு சொல்லைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தவர்களில் ஹெட்விக் கிளைன் என்னும் யூதப் பெண்ணும் ஒருவர். அரபியில் முனைவர் பட்டத்திற்கு ஆய்வு செய்தவர். நாஜிகளின் ஆட்சியில் நாட்டை விட்டு வெளியேற முயன்றும் அவரால் இயலவில்லை. 1942 ஜூலையில் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார், திரும்பவில்லை. அவர் எழுதிய சீட்டுகள் அகராதியில் கரைந்திருக்கின்றன. எந்தச் சொல் அவருடையது என்று இன்று பிரித்தறிய வழியில்லை.

மறுபடியும் காஞ்சிக்கு வருவோம். நோட்டுகளைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, மருத்துவமனையில் அன்றாடம் கேட்கும் ஒரு சொல்லைச் சொல்லும்படி அந்தப் பெண்ணிடம் கேட்டோம். ‘கிராங்க்’ என்றார். நோயுற்ற என்று பொருளாம். அதிலிருந்து பிறப்பவற்றைக் கேட்டோம். கிராங்க்ஹைட் என்றால் நோய். கிராங்கன்ஹவுஸ் என்றால் நோயாளர் வீடு, அதாவது மருத்துவமனை. கிராங்கன்வாகன் நோயாளர் வண்டி. நமக்கு உடனே மரள், மரீள், முமர்ரிளா என்ற வரிசை நினைவுக்கு வந்தது. நோய், நோயாளி, செவிலி மூன்றும் அரபியில் ஒரே மூலத்தின் பிள்ளைகள். ஸர்ஃப் ஓதியவனுக்கு ஒரு வேர் கிடைத்தால் கிளை தானே தெரியும். ஜெர்மன் வேறு குடும்பத்து மொழிதான். ஆயினும் சொல்லை ஒட்டிச் சொல் ஆக்குவதில் அது தமிழுக்கும் அயலன்று. சர்க்கரை நோய்க்கு என்ன சொல் என்று கேட்டோம். ‘த்ஸுக்கர்கிராங்க்ஹைட்’. த்ஸுக்கர் என்பது சர்க்கரை, கிராங்க்ஹைட் என்பது நோய். நாம் சொல்வது போலவே, அதே வரிசையில். அந்தத் த்ஸுக்கரும் அந்நியமன்று. வடமொழிச் சர்க்கரா பாரசீகத்தில் ஷகராகி, அரபியில் சுக்கராகி, இத்தாலி வழியாக ஜெர்மனிக்குச் சென்றது. குர்ஆனில் வரும் ஸன்ஜபீலும் ஜெர்மானியர் சொல்லும் இங்வரும் நம் இஞ்சியின் உறவினர்கள். அந்தப் பெண் இதைக் கேட்டு முதன்முறையாகச் சிரித்தார்.

பால் வேறுபாடு பெரிய தொல்லை என்றார். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் டெர், டீ, டாஸ் என்று மூன்றில் ஒன்று வர வேண்டும், பன்மையும் ஒரே மாதிரியாக வராது. அவருடைய நோட்டில் சொல் மட்டுமே இருந்தது, முன்னொட்டும் இல்லை, பன்மையும் இல்லை. அரபியில் கிதாப் என்று சொல்லிக் கொடுக்கும்போதே குதுப் என்று பன்மையையும் சேர்த்தே சொல்லிக் கொடுக்கிறோம். கலம் என்றால் அக்லாம். பிரித்துக் கற்றவன் பிறகு எந்நாளும் திணறுவான். “டெர்ரோடும் பன்மையோடும் வராத சொல்லை வீட்டுக்குள் விடாதே” என்றோம்.

ஆறு வாரம் கழித்து வந்தார். புதிய நோட்டு ஒன்றே ஒன்று. அதில் வரிசை எண் இல்லை. மருந்தறை, அறுவை அறை, நோயாளியின் படுக்கை, உறவினரிடம் பேசுதல் என்று நிகண்டைப் போலப் பிரித்திருந்தார். ஜெர்மன் சொல்லுக்கு எதிரே தமிழ். சில இடங்களில் அரபி. ஒவ்வொன்றும் அவர் படித்த அல்லது கேட்ட ஒரு வாக்கியத்தில் நின்றது. வீட்டில் அண்ணன் சபக் கேட்கிறாராம். ஒரு பக்கத்தின் ஓரத்தில் ‘மார்க்’ என்று எழுதியிருந்தது. என்னவென்று கேட்டோம். ஜரிகை எடை என்றார். காஞ்சியில் ஜரிகையை மார்க் கணக்கில்தான் வாங்குகிறார்கள், ஒரு மார்க் 242 கிராம். ஐரோப்பாவில் பொன்னையும் வெள்ளியையும் நிறுத்த பழைய எடையின் பெயர் அது. பிரான்சில் அது 245 கிராமுக்குச் சற்றே குறைவு. 2002இல் யூரோ நாணயம் புழக்கத்திற்கு வரும்வரை ஜெர்மானியர் தம் பணத்தையும் அந்தப் பெயரால்தான் அழைத்தார்கள். அந்தப் பெண்ணின் தந்தை முப்பது ஆண்டுகளாக நாள்தோறும் அதைச் சொல்லி வருகிறார்.

தேர்வில் படித்தல், எழுதுதல், பேசுதல் மூன்றிலும் தேறிவிட்டார். கேட்டல் பகுதி மட்டும் நிற்கிறது. அதற்கு மீண்டும் கட்டணம் செலுத்தியிருக்கிறார்கள், வளையல்கள் இன்னும் திரும்பவில்லை. இஷாவுக்குப் பின் ஒரே உரையாடலின் ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறாராம். மருத்துவரும் முதிய நோயாளியும் பேசிக்கொள்ளும் உரையாடல். ஏழாம் வகுப்பில் படிக்கும் அவருடைய தம்பி அதை முழுதும் மனப்பாடமாக ஒப்புவிக்கிறான் என்று தந்தை சொன்னார். நம் முன்னாலும் ஒப்புவித்துக் காட்டினான். ஓரிடத்திலும் தடுமாறவில்லை. பொருள் கேட்டோம். தெரியாது என்றான்.